மொழிக்கு உயிரூட்டிய அன்னையர் இருவர்



எபிரேய மொழியின் மீட்சியைப் பற்றித் தமிழ் மேடைகளில் பலகாலும் பேசப்படுகிறது. நூலுக்குள்ளும் வழிபாட்டுக்குள்ளும் ஒடுங்கிக் கிடந்த மொழியை, ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின் வீட்டு மொழியாகவும் தெரு மொழியாகவும் ஆக்கிக் காட்டினார் எலியேசர் பென் எகுதா என்று முழங்கக் கேட்டிருக்கிறோம். முழங்கட்டும், அவர் அப்புகழுக்கு உரியவரே. ஊர்தோறும் பிள்ளைகளுக்கு அம்மொழியிலேயே பாடம் சொன்ன எளிய ஆசிரியர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், எந்த வீட்டில் அம்மொழி தாய்மொழி ஆயிற்றோ, அந்த வீட்டில் உலை வைத்தவர் யார்? தொட்டில் ஆட்டியவர் யார்? அப்பெயர்களைக் கேட்டால் மேடை வாய்மூடிக் கொள்கிறது.

ஒருவர் தெபோரா; மற்றொருவர் எம்தா. தமக்கையும் தங்கையுமாய்ப் பிறந்து, ஒருவர்பின் ஒருவராய் அந்த ஒரு வீட்டுக்கே விளக்கேற்ற வந்தவர்கள்.

உருசியப் பேரரசில் வாழ்ந்த யோனாசு என்னும் யூதக் குடும்பத்தின் மூத்த மகள் தெபோரா. தந்தையை இழந்த இளைஞர் எலியேசர் அக்குடும்பத்தின் அரவணைப்பைப் பெற்றார். அவருக்கு உருசியமும் பிரெஞ்சும் செருமானியமும் கற்றுக் கொடுத்தவர் தெபோராவே. பின்னாளில் தம் வீட்டு வாயிலில் பிறமொழி எதுவும் நுழையக் கூடாதென்று தடுத்து நின்றவருக்கு, முதலில் பிறமொழிகளின் வாயிலைத் திறந்துவிட்டவர் அவர் மனைவியே என்பது எண்ணத்தக்கது.

1881ஆம் ஆண்டில் இருவரும் யாப்பாத் துறையில் இறங்கி எருசலேம் சேர்ந்தனர். வீட்டில் எபிரேயம் அன்றி வேறு மொழி பேசுவதில்லை என்பது கணவரின் உறுதி. அவருக்கு அது கற்ற மொழி. தெபோராவுக்கோ எழுத்துக் கூட்டும் நிலை. உப்பு வேண்டுமென்றாலும் தலை வலிக்கிறதென்றாலும் அம்மொழியிலேதான் சொல்லியாக வேண்டும். சொல் தெரியாவிட்டால் கையைக் காட்ட வேண்டும்; இல்லையேல் வாளா இருக்க வேண்டும். பிறந்த மொழியை விட்டுவிட்டு வாழ்வதென்றால் என்னவென்று அந்த அம்மையாரைத்தான் கேட்க வேண்டும்.

1882இல் மகன் பிறந்தான். பிள்ளையின் காதில் வேற்றுமொழி விழுந்துவிடும் என்று வீட்டுக்குப் பணிப்பெண் வைக்கவும் கணவர் இசையவில்லை. வறுமை ஒருபுறம், பேறுகால மெலிவு ஒருபுறம். அத்தனை வேலையையும் தெபோராவே செய்தார். ஆண்டுகள் சென்றும் பிள்ளை வாய் திறக்கவில்லை. வந்தவர் போனவரெல்லாம் அச்சுறுத்தினர். ஒருநாள் கணவர் வெளியே சென்றிருந்த பொழுது, தாம் சிறுமியாய்க் கேட்ட உருசியத் தாலாட்டை அந்தத் தாய் தம்மை மறந்து மெல்லப் பாடினார். திரும்பி வந்த கணவர் அதைக் கேட்டுச் சினந்து கத்தினார். அந்த அச்சத்தில்தான் தன் வாயிலிருந்து முதற்சொல் வெளிப்பட்டது என்று, பிற்காலத்தில் இதாமார் பென் ஆவி என்று பெயர் பெற்ற அம்மகன் எழுதி வைத்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை மொழிப்பற்றுக்குச் சான்றாக எடுத்துக்காட்டிக் கைதட்டல் பெறுவோர் உண்டு. அஃது அறமன்று. பிள்ளையைத் தோளிலிட்டுப் பாடும் தாயின் வாயை அடைத்தது கொடுமையே. கொண்ட குறிக்கோள் உயர்ந்தது என்பதற்காகக் கொடுமைக்கு வேறு பெயர் சூட்ட முடியாது. அத்துணைக்கும் பின்னர் அந்தத் தாய் பாட்டை விட்டாரேயன்றி எபிரேயத்தை விடவில்லை.

கணவரைப் பற்றியிருந்த எலும்புருக்கி நோய் அவரையும் பற்றியது. 1891இல் ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டுத் தெபோரா கண்மூடினார். அவர் மறைந்த சிறிது காலத்திற்குள் தொண்டை அடைப்பான் நோய் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் மூத்த மகனும் ஒரு பெண்ணும்.

இந்த வீட்டுக்குத்தான் தங்கை வந்தார், 1873இல் பிறந்தவர். மாசுகோவில் கற்று, உருசிய இலக்கியத்தில் தோய்ந்தவர். நோயாளியான கணவர், தாயிழந்த இரு பிள்ளைகள், தெரியாத மொழி, வறண்ட ஊர் என்று அனைத்தும் அறிந்தே வந்தார். 1892இல் மணம் நிகழ்ந்தது. கணவர் இட்ட பெயர் எம்தா. விரும்பப்படுபவள் என்பது பொருள். ஆறு திங்களில் எபிரேயம் பேசிவிட்டார் என்று சொல்வர். பேசியதோடு நின்றாரா? எழுதினார்! சிறுகதை எழுதினார்; கணவரின் செய்தித்தாளில் பெண்டிர்க்கென உடை, வீடு, பிள்ளை வளர்ப்பு என எழுதினார்.

மறைமொழியில் சட்டைக் கையின் நீளத்தைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளித்தோர் இருந்திருப்பர். ஆனால், மொழிக்கு வேண்டியிருந்தது அதுவேதான். முன்னறிவாளரின் உரையைச் சொல்ல அம்மொழியில் சொல் இருந்தது. நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளுக்கு இல்லை. நடையுடைப் பாங்குக்கு 'ஓபுனா' என்றும், உறைபனியைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து பனிக்கூழுக்குக் 'கிலிதா' என்றும் கணவர் சொல் படைத்தார். அகரமுதலிக்கே அம்மொழியில் தனிச்சொல் இல்லை. 'சொற்களின் நூல்' என்றே வழங்கிவந்தனர். 'மில்லா' என்னும் சொல்லிலிருந்து 'மில்லோன்' பிறந்தது. படைத்த சொல் ஏட்டில் கிடந்தால் என்ன பயன்? அதைப் பெண்டிர் நாவில் ஏற்றியவை எம்தாவின் எழுத்தைப் போன்றவையே. பெண்கள் எழுதினாலன்றி உலர்ந்த மொழியில் ஈரமும் நெகிழ்வும் ஏறா என்று பென் எகுதாவே கருதினார். தாலாட்டைத் தடுத்தவர் அவ்வளவு கற்றுக்கொண்டார் என்றே கொள்ளலாம்.

துன்பம் விடவில்லை. செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரையில் 'வலிமை திரட்டி முன்செல்வோம்' என்னும் கருத்து இருந்தது. அதைக் கிளர்ச்சிக்கான அழைப்பென்று சொந்த இனத்துப் பகைவரே துருக்கி அரசிடம் காட்டிக் கொடுத்தனர். எழுதியவர் எம்தாவின் தந்தை, வெளியிட்டவர் கணவர். இருவரும் வழக்கில் சிக்கினர். இருபது அகவையை ஒட்டிய அப்பெண் அதையும் தாங்கினார்.

பின்பு அகரமுதலிப் பணி. கணவர் நாளெல்லாம் நின்றபடியே எழுதுவார். அச்சுக்குப் பொருள் வேண்டுமே! ஐரோப்பியச் செல்வர் வீடுகளின் படியேறியவர் எம்தா. 1908 முதல் பெர்லினில் மடலங்கள் அச்சேறத் தொடங்கின. 1922இல் ஆங்கிலேய ஆட்சி எபிரேயத்தைப் பாலத்தீனத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அவ்வாண்டு திசம்பரில் பென் எகுதா மறைந்தார். அகரமுதலியோ பாதிவழியில் நின்றது. கைம்பெண்ணாகிய எம்தா மகன் எகூதுடன் சேர்ந்து பணியைத் தொடர்ந்தார், அறிஞரைத் தேடினார், பொருள் திரட்டினார், மடலம் மடலமாய் வெளிவரச் செய்தார். கணவரின் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1943இல் தமக்கை மகன் இதாமார் மறைந்த பொழுது, எழுபது அகவை நிரம்பிய நிலையில் அவர் வாழ்க்கையையும் எழுதினார். அத்தாலாட்டைக் கேட்ட பிள்ளை அவரே.

எம்தா 1951இல் மறைந்தார். பதினேழு மடலங்கள் கொண்ட அகரமுதலி 1959இல் நிறைவெய்தியது. அது பென் எகுதா அகரமுதலி என்றே வழங்கப்படுகிறது.