பிறர் உயிர் காப்போருக்கு ஓர் உயில்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

எஸ்டேட் என்றால் நமக்கு ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, மரம், பால், ஒட்டுப்பால்; நாம் அறிந்த எஸ்டேட் இதுவே. வழக்கறிஞர்கள் பேசும் ஆங்கிலத்திலோ அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் கண்ணை மூடும்போது விட்டுச் செல்வது எதுவோ, அது அத்தனையும் அவருடைய எஸ்டேட். ஒரு மோட்டார் சைக்கிள், தவணையில் வாங்கிய வீடு, வங்கியில் கிடக்கும் சில நூறு வெள்ளி, எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் இம்மண்டபத்தில் எஸ்டேட் இல்லாதவர் எவருமே இல்லை.

அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு நற்செய்கையைச் சொல்லுகிறோம்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. மக்கள் கீழே ஓடி வந்தபோது தீயணைப்பு வீரர்கள் மேலே ஏறினார்கள். அந்நகரத் தீயணைப்புப் படையில் மட்டும் 343 பேர் மாண்டனர். இதைக் கண்ட தென் கரோலினா வழக்கறிஞர் அந்தோணி ஹேய்ஸ் என்பவர், தம் ஊர்த் தீயணைப்பு வீரர்களை அணுகி, வழக்கறிஞர்களால் உங்களுக்கு ஆகக்கூடியது என்ன என்று வினவினார். நாள்தோறும் நெருப்பில் இறங்கும் அவர்களில் பெரும்பாலோர் உயில் எழுதி வைக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 'வீரர்களுக்கு உயில்' என்னும் இயக்கம் இப்படித்தான் பிறந்தது; பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது.

அவர்கள் செய்வது எளிய காரியம். வழக்கறிஞர்கள் தீயணைப்பு நிலையத்துக்கே செல்கிறார்கள். தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோருடன் அவர்தம் துணைவியரோ துணைவரோ வந்து அமர்கிறார். கேள்விகள் கேட்டு, உயிலை அங்கேயே தயாரித்து, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து வாங்கிக் கையில் கொடுத்து விடுகிறார்கள். தாம் நினைவிழந்து கிடந்தால் வைத்தியம் பற்றி யார் முடிவெடுப்பது என்பதற்கும் பத்திரம் எழுதித் தருகிறார்கள். கட்டணம் ஒரு காசும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு என்ன தேவை என்று கேட்பீர்கள். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், பூச்சோங் அருகே பழைய ஈயக் குட்டையில் விழுந்த ஓர் இளைஞனைத் தேடி இறங்கிய பொம்பா வீரர்கள் ஆறு பேர் நீரில் மூழ்கி மாண்டதை நாம் மறந்து விடவில்லை. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியபோது, திரும்ப மாட்டோம் என்று அவர்களில் எவர் எண்ணியிருப்பார்?

சட்டத்தையும் பாருங்கள். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, போர்ப்பணியில் இருக்கும் சிப்பாயும் கடலில் இருக்கும் மாலுமியும் வழக்கமான விதிகள் இன்றியே உயில் சொல்லலாம். ஆபத்தில் நிற்பவனுக்குச் சட்டம் அவ்வளவு இரக்கம் காட்டுகிறது. தீயில் நிற்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவனும் நம்மைப் போல் 18 வயது நிரம்பி, எழுத்தில் எழுதி, இரண்டு சாட்சிகள் ஒருசேர நின்று பார்க்கக் கையெழுத்திட்டால்தான் உயில் செல்லும். சாட்சிக்கோ சாட்சியின் மனைவி அல்லது கணவனுக்கோ அதில் எழுதிய பங்கு செல்லாது. எழுதிய பிறகு திருமணம் செய்து கொண்டால் பழைய உயில் பொதுவாக ரத்தாகி விடும். முஸ்லிம் சகோதரர்களுக்கு அவர்தம் மார்க்கச் சட்டம் தனியே உண்டு.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவி, மக்கள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, மக்களுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. இது நியாயம்தானே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே குடும்பம் நடத்துவோர் நம்மிடையே இல்லையா? 1982 மார்ச் முதல் நாளில் இருந்து திருமணப் பதிவு கட்டாயம். பதிவு இல்லாத பெண், கணவன் மறைந்த பின் தானே மனைவி என்று நிரூபிக்க அல்லாட நேரும். அவள் பிள்ளைகளின் பங்கும் கேள்விக்குள்ளாகும். அவள் பெயரை எழுதிய ஓர் உயில் இருந்தால் அந்த அல்லாட்டம் தீரும். பெற்றோர் இருவரும் இல்லாது போனால் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதையும் உயிலிலேயே குறிக்கலாம்.

சேமநிதிப் பணம் வேறு கணக்கு. அதற்கு உயில் செல்லாது. வாரியத்தில் வாரிசாக யார் பெயரைக் கொடுத்தோமோ அவருக்கே போகும். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்து விட்டு மாற்ற மறந்தவரின் பணம் அண்ணனுக்கே சேரும். சொக்சோ தரும் உதவித்தொகையும் சட்டம் காட்டும் குடும்பத்தாருக்கே உரியது.

இன்னொன்றும் உண்டு. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர் என்று எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது கிராணிமார்களாகிய எங்களுக்குத் தெரியும். ஆள் இருக்கும் வரை அது சிரிப்புக்குரிய விஷயம். ஆள் போன பின், விதவையைக் கவுண்டருக்குக் கவுண்டர் அலைய வைப்பது அந்த ஓர் எழுத்துத்தான்.

ஆகவே தோழர்களே, கிளையின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறோம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்கும் கடிதம் எழுதி, இது போன்ற உதவி கிடைக்குமா என்று கேட்போம். கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தைத் திறந்து விடுவோம். முதல் மேசையில் தொண்டூழியப் பொம்பாக்காரர்களும் ஆம்புலன்ஸ் பணியாளர்களும் உட்காரட்டும். வெள்ளம் வந்தாலும் லயத்தில் தீப்பிடித்தாலும் நம்மைத் தூக்க ஓடி வருபவர்கள் அவர்களே. அடுத்த மேசையில் நாம் உட்காருவோம். பத்திரங்களைச் சரிபார்த்து அடுக்கித் தரும் வேலையைக் கிராணிமார்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. குடை வாங்கியதால் மழை வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இவ்வாரமே சேமநிதி அலுவலகத்துக்குப் போய், எவர் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்த்து வாருங்கள். தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றுவோம்.