கை மூட்டும் எக்ஸ்ரே படமும்
(திருவானைக்காவலில் குடும்ப நலக் கூட்டம் ஒன்றில் பேசியது)



காலையில் கோலம் போட உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை என்று ஒரு அம்மா வந்தார். "ஒரு மணி நேரம் கழிச்சுத்தாங்க கை நம்ம பேச்சைக் கேக்குது" என்றார். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. "எந்நேரமும் தண்ணியிலேயே கிடக்கிறே, வாயுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

இது வாயு அல்ல. முடக்குவாதம், சரவாங்கி என்றும் சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பிள்ளை பெற்று வளர்க்கிற வயதிலேயே வரலாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறி மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, பக்கத்து எலும்பின் ஓரத்தைக் கறையான் போல அரிக்கிறது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் வலி குறையும், அரிப்பு நிற்காது.

"வலிதான் இல்லையே, எக்ஸ்ரே எதுக்கு?" என்று கேட்கிறீர்களே, இதற்குத்தான். சிகிச்சை தொடங்கும்போதே இரண்டு கைகளுக்கும் இரண்டு பாதங்களுக்கும் படம் எடுக்க வேண்டும். பாதத்தை விட்டுவிடாதீர்கள், சிலருக்கு அரிப்பு முதலில் கால் விரலில்தான் தெரியும். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். மூட்டின் இடைவெளி குறைந்திருக்கிறதா, எலும்பு ஓரத்தில் புதுப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்து போதுமா, மாற்றணுமா என்று முடிவு செய்வார்கள். ஆகவே பழைய படம் பத்திரம். ஒருவர் அதைப் பிள்ளைகள் கிரகணம் பார்க்க வெட்டிக் கொடுத்துவிட்டேன் என்றார்! அது கண்ணுக்கும் கேடு.

எக்ஸ்ரேயில் பள்ளம் தெரிய மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே வகை ஸ்கேனை விரல் மூட்டில் வைத்தால், சவ்வின் வீக்கமும் கோத்திருக்கும் நீரும் முன்னதாகவே தெரியும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவைப்படாது.

தம்பதிகள் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியது இனிமேல்தான். இந்நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மனைவி இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, சிசுவைக் கெடுக்கும். அதுவரை ஆணுறையோ காப்பர்-டியோ, எது ஏற்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வேண்டுமென்றால் சில மாதங்கள் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்துக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மருந்துக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு மூட்டு வலி தணியும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பவும் கிளம்பும். அப்போது "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

நாள் தள்ளியிருந்தால் எக்ஸ்ரே எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கையை எடுக்கும் படத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு. பயம் வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம்.

கணவன்மாருக்கு ஒரு சேதி. 1895 டிசம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எடுத்த ஆரம்பகால எக்ஸ்ரே படங்களில் ஒன்று, அவர் மனைவியின் கைதான். விரலில் போட்ட மோதிரம்கூட அதில் தெரியும்.

ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் காவிரிப் பாலம் தாண்டிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு இருவருமாகப் போங்கள். பழைய படம் இருந்தால் மடிக்காமல் உறையோடு எடுத்துப் போங்கள்.