பச்சை உடம்பும் குளிர்ந்த துணியும்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சபையிற் பேசத் தகுந்ததோ என்று சிலர் ஐயுறக்கூடும். பிள்ளை பெற்றவளுக்கு உண்டாகும் புண்ணையும் வலியையும் பற்றியும், அவற்றை வீட்டிலேயே தணிக்கும் வகை பற்றியும் பேசப் போகின்றோம். குழந்தை பிறந்தது என்று கேட்டவுடன் சர்க்கரை வழங்குகின்றோம்; ஆணோ பெண்ணோ என்று வினவுகின்றோம்; யாருடைய சாயல் என்று ஆராய்கின்றோம். பெற்றவளுக்கு எங்கே நோகின்றது என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்? கேட்க நாம் கூசுகின்றோம். சொல்ல அவள் கூசுகின்றாள். இக்கூச்சத்தின் நடுவே புண் வளர்கின்றது.

முதலில் இப்புண் எவ்வாறு உண்டாகின்றது என்று அறிதல் வேண்டும். சிசுவின் தலை வெளிப்படுங்கால் பிறப்புவாயிலைச் சூழ்ந்த தோலும் தசையும் மிகவும் விரிகின்றன. அங்ஙனம் விரியும்போது சிராய்ப்போ கிழிசலோ உண்டாதல் இயல்பு. சில வேளைகளில் வைத்தியரே சிறிது கத்தரித்து வழிசெய்து, பின்னர்த் தையலிடுவதும் உண்டு. தலைப்பிரசவத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை இத்தகைய காயம் ஏதேனும் ஒன்றை அடைகின்றனர் என்று மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். பெரும்பாலானவை சிறு காயங்களே. சில வாரங்களில் ஆறிவிடும். ஆயினும் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீக்கமும் எரிச்சலும் மிகுந்திருக்கும். அமர்ந்தால் நோகும், நடந்தால் இழுக்கும், சிறுநீர் பட்டால் எரியும். இந்நிலையிலேயே அவள் இரவில் பன்முறை எழுந்து அமர்ந்து பாலூட்டவும் வேண்டியிருக்கின்றது.

நிற்க. நமது குற்றம் ஒன்றை இச்சபையில் மறையாது சொல்லிவிடுகின்றோம். நமது மூத்த மருமகளின் தாயார் முன்னமே காலமானவராதலால், தலைப்பிரசவத்திற்கு அவளை நமது இல்லத்திலேயே வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து நான்காம் நாள் வீடு வந்தாள். நமது மாமியார் நமக்குச் செய்தவற்றையெல்லாம் நாம் அவளுக்குச் செய்தோம். மின்விசிறியை நிறுத்தினோம், காதில் பஞ்சு வைத்தோம், பச்சை உடம்பென்று தண்ணீரை அளந்து கொடுத்தோம், தீட்டுக்கு இதுவே போதுமென்று பரணிற் கிடந்த பழந்துணிகளை எடுத்துக் கொடுத்தோம். "அத்தை, ஈரத்துணியாவது வைத்துக்கொள்ளட்டுமா? தாங்க முடியவில்லை" என்று ஒருநாள் கேட்டாள். "ஜன்னி கண்டுவிடும், பேசாமலிரு" என்றோம். அவள் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. மலங்கழிக்க அஞ்சி உணவைக் குறைத்துக்கொண்டாள் என்பதையும் நாம் அறிந்தோமில்லை. எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. கிராம சுகாதாரச் செவிலி வந்து பார்த்தார். தையலில் சீழ் வைத்திருந்தது. மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, கிருமிநாசினி மருந்துகள் கொடுத்த பின்னரே தேறினாள். அச்செவிலி நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பழந்துணியைச் சுட்டிக்காட்டி, "இதை வெந்நீரில் போட்டு எடுத்தீர்களா அம்மா?" என்று மட்டும் கேட்டார். நாம் விடை சொல்ல இயலவில்லை.

ஜன்னிக்கு நம் முன்னோர் அஞ்சியது தவறன்று. பிரசவித்த பத்து நாட்களுக்குள் காய்ச்சல் கண்டு மாண்ட மாதர் அக்காலத்தில் பலர். நம் முன்னோர் அதற்குக் காரணம் குளிர்ச்சியே என்று கருதினர். பிற தேசத்தாரும் கெட்ட காற்று முதலிய பல காரணங்களைச் சொல்லிவந்தனர். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த பகுதியைக் காட்டிலும் வைத்தியரும் மாணவரும் பார்த்த பகுதியிலேயே தாய்மார் மிகுதியாக மாண்டனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து, பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு வைத்தியர் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டார். 1847-ம் ஆண்டில் யாவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவியே உள்ளே வரவேண்டுமென்று விதித்தார். 1846-ல் அப்பகுதியில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். 1848-ல் அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தது. அந்நோய்க்குரிய நுண்கிருமியைப் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1879-ல் எடுத்துக்காட்டினார்.

இதனால் விளங்குவது யாது? ஜன்னியைக் கொண்டுவந்தது குளிர்ச்சியன்று, அழுக்கே. சுத்தமான ஈரத்துணியை நாம் மறுத்தோம். அசுத்தமான உலர்ந்த துணியைக் கொடுத்தோம். அஞ்ச வேண்டியதை விட்டு அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினோம். உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளிலும், பிரசவக் காயத்தின் வலிக்குப் பனிக்கட்டிப் பொதி, குளிர்ந்த துணி முதலியவற்றை முதல் நாட்களில் வைக்கலாம் என்றே சொல்லப்பட்டுள்ளது.

இனிக் குளிர்ந்த துணியை அமைக்கும் முறையைச் சொல்வோம். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சோப்பிட்டுத் துவைத்து, கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் வேகவிட்டு, கடும் வெயிலில் உலர்த்துக. அதனை நான்காக மடித்து, கொதித்து ஆறிய நீரில் நனைத்து, நீர் சொட்டாமற் பிழிந்து, புதிய சுத்தமான உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பனியறையில் வைத்துவிடுக. வேண்டும்போது எடுத்து, இரண்டொரு நிமிஷம் வெளியில் வைத்து விறைப்பு நீங்கியபின், உலர்ந்த மற்றொரு சுத்தத் துணியிற் சுற்றிக் காயத்தின்மேல் வைக்கவேண்டும். பனிக்கட்டி ஒருபோதும் நேரே தோலிற் படலாகாது. பட்டால் தீப்புண் போன்ற புண் உண்டாகும். ஒருமுறைக்குப் பத்து முதல் இருபது நிமிஷம் போதும். சில மணி நேரம் கழித்து மீண்டும் வைக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே இதனால் மிகுந்த பயன் உண்டு. குளிர்ச்சியால் இரத்தக்குழாய்கள் சுருங்கி வீக்கம் மட்டுப்படும். வலியும் சற்று மரத்துப்போகும். ஒருமுறை வைத்த துணியை மீண்டும் கொதிநீரிலிடாமல் வைக்கலாகாது.

பனியறை இல்லாத வீட்டார் என் செய்வது எனின், கொதித்து ஆறிய நீரைச் சுத்தமான மண்பானையில் மூடிவைத்து, அதில் துணியை நனைத்து வைத்தாலும் இதமாயிருக்கும். கடையில் வாங்கும் பனிக்கட்டி எந்நீரில் செய்யப்பட்டதென்று யார் அறிவார்? ஆதலால் அதனைக் கசியாத உறையிலிட்டு, உறையின் மேல் துணி சுற்றியே வைக்கவேண்டும். குளிர்ச்சி வேண்டுவது காயத்துக்கே. உடம்பு முழுவதும் நடுங்க வேண்டுவதில்லை. மேலுக்குப் போர்வை போர்த்து, குடிக்கச் சூடான கஞ்சி கொடுத்து, காயத்தில் மட்டும் குளிர்ந்த துணி வைக்கத் தடையென்ன?

மூன்றாம் நாளுக்குப் பின் வெந்நீர் உதவும். நன்றாய்த் தேய்த்துக் கழுவிய அகன்ற தொட்டியில், கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இடுப்பளவு நீர்விட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிஷம் அமர்ந்திருக்கலாம். வெறும் நீரே போதுமானது. பின்னர்த் தேய்க்காமல் மெல்ல ஒற்றித் துடைக்கவேண்டும். சிறுநீர் கழிக்கும்போது செம்பில் வெதுவெதுப்பான நீர்கொண்டு சிறிது சிறிதாக ஊற்றிவரின் எரிச்சல் குறையும். வலி அடங்காவிடில் பாராசிட்டமால் மாத்திரையை வைத்தியர் சொன்ன அளவில் உட்கொள்ளலாம். பாலூட்டுபவளுக்கு அதனால் கேடில்லை. வயிற்றைக் கத்தியால் அறுத்துப் பிரசவித்தவளுக்கு இத்தொட்டி முறை வேண்டாம். அவளது தையலை உலர்ந்ததாக வைத்து, ஆஸ்பத்திரியார் சொன்னபடி நடத்தலே தகும்.

இனி நமது பச்சிலைகளைப் பற்றிச் சிறிது சொல்வோம். நொச்சி, வேம்பு, புளியிலை இட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டுதல் உடல்வலிக்கு இதமளிப்பதே, அதனை விடவேண்டுவதில்லை. ஆயினும் கொதிநீரை வயிற்றின்மேல் ஓங்கி அடிப்பதும், காயத்தின்மேல் சூடாக ஊற்றுவதும் தகா. மஞ்சளுக்குக் கிருமிகளை எதிர்க்கும் குணம் உண்டெனினும், கடைத்தூளையோ வேப்பிலை விழுதையோ தையலின்மேல் அப்புவதால் புண்ணில் அழுக்கே சேரும். சோற்றுக்கற்றாழையைத் தோல் சீவியபின் வழியும் மஞ்சள் நிறக் கசப்பு நீர் எரிச்சல் தரும். அதனைக் கழுவி நீக்கிய வெண்சோற்றையும் காயமில்லாத வெளித்தோலிலேயே, அதுவும் முன்னங்கையில் தடவிப் பார்த்த பின்னரே, இடவேண்டும். அமெரிக்க தேசத்து மாதர் விட்ச் ஹேசல் என்னும் புதர்ச்செடியின் வடிநீரை இவ்வாறே குளிர்ந்த துணியில் ஊற்றி வைத்துக்கொள்கின்றனர்; அது கிடைக்கவில்லையே என்று நாம் வருந்தவேண்டியதில்லை. சுகந்தருவது பெரிதும் குளிர்ச்சியே. சுக்கு, திப்பிலி, ஓமம் சேர்ந்த பிரசவ லேகியத்தை உணவுபோல் சிறிதளவு கொடுக்கலாம். உலோக பஸ்மம் கலந்த மருந்தை வைத்தியர் சொல்லாமல் பாலூட்டுபவளுக்குக் கொடுக்கவே கூடாது. சாம்பிராணிப் புகையைச் சிசுவின் அருகே கொண்டுசெல்லவும் வேண்டாம்.

பச்சிலைக்கும் பூவுக்கும் வலிமையில்லை என்று நாம் சொல்லவில்லை. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இதனைச் சோதித்து, பால் சுரப்பு உண்மையிலேயே குறைகின்றதென்று 1988-ல் வெளியிட்டனர். ஆகவே, பால் கட்டி மார்பு நோகின்றதென்று பாலூட்டும் தாய்க்கு மல்லிகை கட்டலாகாது. சிசுவை அடிக்கடி பால் குடிக்கவிட்டு, மிகுந்ததைக் கையாற் பீய்ச்சி, இதமான வெந்நீர்த் துணியோ குளிர்ந்த துணியோ ஒற்றுதலே தக்கது.

தண்ணீரைக் குறைப்பது பெருந்தீங்கு. பாலூட்டுபவளுக்கு நீர் மிகுதியாக வேண்டும். நீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையல் நோகும். நோவுக்கு அஞ்சி அடக்கினால் மலம் மேலும் இறுகும். தாகம் தீரக் காய்ச்சிய நீரும், கீரையும், பழமும், உலர்ந்த திராட்சையும் கொடுங்கள். மலங்கழிக்கும்போது சுத்தமான துணியைக் காயத்தின்மேல் மெல்ல அணைத்துப் பிடித்துக்கொண்டால் அச்சம் குறையும்.

வீட்டு வைத்தியத்திற்கு எல்லை உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலும், புண்ணில் சீழோ துர்நாற்றமோ கண்டாலும், தையல் விட்டாலும், வலி குறைவதற்கு மாறாக நாளுக்கு நாள் ஏறினாலும், ஒரு மணி நேரத்திற்குள் ஒரு துணி முழுதும் உதிரத்தில் நனைந்தாலும், சிறுநீர் வாராவிடினும், மலம் அடங்காவிடினும், கடுந்தலைவலி, கண்மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல் ஆகிய இவற்றுள் எதைக் கண்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வாகனமில்லையேல் 108 என்னும் எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும்.

கூச்சத்தால் உயிர் போன கதை நம் நாட்டில் பழையது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியர்க்கு உதவ வரும்படி ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணை அழைத்தனர். அவள் தந்தையார் வைத்தியர். அவள் அப்போது மருத்துவம் கல்லாதவள். ஆடவர் பார்க்கலாகாது என்று அவள் தந்தையாரை மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூவரும் மாண்டனர். அந்த அம்மையார் பின்னர் மருத்துவங் கற்று வந்து, 1902-ல் வேலூரில் மாதர்க்கு ஆஸ்பத்திரி திறந்து, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அப்பள்ளியே பின்னர் மேற்சொன்ன கல்லூரியாய் வளர்ந்தது. இன்று வைத்தியர் உண்டு, மருந்து உண்டு, வண்டி உண்டு. கூச்சம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது.

ஆதலால் இச்சபையின் முன் ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். வளைகாப்புக்குப் பட்டும் பலகாரமும் சேர்க்கும் ஒவ்வொரு வீட்டாரும், ஒன்பதாம் மாதத்தில் ஒரு பெட்டியும் சேர்த்து வைப்பாராக. அதில் கொதிநீரிலிட்டு உலர்த்திய பருத்தித் துணி இரண்டு டஜன், துணி மடித்து வைக்கப் புதிய உறைகள், சோப்பு ஒன்று, காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று, இடுப்புக் குளியலுக்கென்றே ஒரு தொட்டி ஆகிய இவை இருக்கட்டும். சகோதரர்களே, அத்துணிகளைக் கொதிக்கவைப்பது உங்கள் வேலையாக இருந்தால் குறைவொன்றுமில்லை.

நமது இரண்டாம் மருமகளுக்குச் சென்ற தை மாதம் பிரசவமாயிற்று. பெட்டியைச் சேர்த்து வைத்தவள் மூத்தவளே. முதல் நாளிரவு குளிர்ந்த துணியை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் சென்றபோது, நாம் வாசலில் நின்று, "எங்கே நோகிறது அம்மா?" என்று கேட்டோம். கேட்பதற்கு நமக்கு முப்பது ஆண்டுகள் தாமதமாயின. உங்களுக்கு அத்தாமதம் வேண்டாம்.

சுபம்.