பின் நம்பர் சரி, பேர்தான் இடிக்குது

கார்டைச் சொருகுறோம், பின் அடிக்கிறோம், கார்டும் ஏத்துக்குது. ஆனா லாகின் ஃபெயில். உடனே கார்டு போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க.

எஸ்டோனியா நாட்டு அடையாள அட்டையையே எடுத்துக்கலாம். அந்த ஊர்ப் பேர்கள்ல, ஆங்கில 'ஓ' மேல நெளிகோடு போட்ட ஓர் எழுத்து வரும். பெரிய எழுத்தா இருந்தா யூடிஎஃப்-8ல அது ரெண்டு பைட்: சி3 95. லத்தீன்-1ல ஒரே பைட்: டி5. சர்டிஃபிகேட்ல முதல் மாதிரி இருக்கு, லினக்ஸ்ல மேப்பிங் ஃபைலை யாரோ ரெண்டாவது மாதிரி சேவ் பண்ணிட்டாங்கன்னு வைங்க. எடிட்டர்ல பார்த்தா ஒரே பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்குற புரோகிராமுக்கு அது வேற ஆள்! (நம்ம 'கொ'வுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாவும் சேமிக்கலாம், ரெண்டாவும் சேமிக்கலாம்.) ரெண்டு பக்கத்தையும் ஹெக்ஸ்ல போட்டுப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும்.

சில பேர் நெளிகோட்டையே தூக்கிடுவாங்க. எனக்கு அது பயமா இருக்கு. எஸ்டோனிய மொழியில 'கோர்வ்'ல நெளிகோடு இருந்தா காது, இல்லைன்னா கூடை. இப்படி ரெண்டு பேர் ஒண்ணாயிட்டா, ஒருத்தர் கார்டு இன்னொருத்தர் அக்கவுண்டைத் திறந்துடும்.

பேரை விட்டுட்டு, சப்ஜெக்ட்டுக்குள்ள சீரியல் நம்பர்ங்கிற இடத்துல இருக்குற 11 இலக்க தனிநபர் எண்ணை மேப் பண்ணுங்க. இலக்கங்களுக்கு ரெண்டு முறையிலயும் ஒரே பைட்தான். சர்டிஃபிகேட்டோட சொந்த சீரியல் நம்பரை எடுத்துடாதீங்க, புது கார்டு வந்தா அது மாறிடும்.