தூசியைத் தடுக்கும் தூசி



சிமென்ட் ஆலையில் நான் சேர்ந்த புதிதில் தூசி பிடிக்கும் பை ஃபில்டர்கள் என் பொறுப்பு. பைகளில் படியும் தூசியை, அழுத்தக் காற்றை 0.1 விநாடி பாய்ச்சி உதற வேண்டும். அடிக்கடி உதறினால் நல்லதுதானே என்று காற்றழுத்தத்தைக் கூட்டினேன், இடைவெளியைக் குறைத்தேன். சில மாதங்களில் பைகள் கிழிந்தன. குடியிருப்பில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்தது.

மூத்த ஃபிட்டர் ஒருவர் சொன்னார்: "தூசியைப் பிடிக்கிறது துணி மட்டுமில்ல சார், அது மேல படிஞ்ச தூசியுந்தான். அதை மொத்தமா உதறிட்டா எப்படி?"

அப்புறம்தான் மானோமீட்டரைப் பார்த்தேன். கடிகாரப்படி உதறுவதை விட்டோம். பையின் இருபுற அழுத்த வேறுபாடு 150 மி.மீ. நீர் அளவைத் தொட்டால் உதறல் தொடங்கும். 100-க்கு இறங்கினால் நிற்கும். அழுத்தக் காற்றிலிருந்த ஈரத்தையும் நீக்கினோம். பைகள் நீடித்து உழைத்தன. கம்ப்ரசரின் மின்செலவும் குறைந்தது.

தம்பிகளே, நாம் தப்பவிடும் தூசி யாரோ ஒருவரின் நுரையீரலுக்குத்தான் போகிறது. வால்வைத் திருகுமுன் மீட்டரைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் ஃபிட்டரையும் கேளுங்கள்.