கோப்பு இருக்கிறது, திறக்க வழியில்லை



பாடம் சொல்வதிலேயே ஆயுளைக் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அதனால் திறக்க முடியாமல் போன பாடங்களைப் பற்றிப் பேச வந்தேன்.

1996இல் பிறந்து, மேக்ரோமீடியா நிறுவனத்திடம் வளர்ந்து, 2005இல் அடோபி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது ஃப்ளாஷ் என்ற மென்பொருள். இணையப் பக்கங்களில் அசைந்தவற்றிலும் விளையாடியவற்றிலும் பெரும்பகுதி ஒரு காலத்தில் அதில்தான் செய்யப்பட்டது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல், ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டும் இயக்கியே அவற்றை ஓட்ட மறுத்தது. அந்த மறுப்பைக் கடைசிப் பதிப்புகளுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்திருந்த மென்பொருளை நிறுத்தியது சரிதான். அதை நம்பிச் செய்த ஆக்கங்களுக்கு மாற்று வழி வைக்காமல் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

செல்லரித்த ஏட்டில் மிஞ்சிய வரியையாவது படிக்கலாம். இங்கே கோப்பில் ஒரு பைட்டுகூடக் குறையவில்லை, ஆனாலும் உலாவியில் வெற்றுக் கட்டம்தான் தெரிகிறது.

மீட்க வந்தவர்கள் தன்னார்வலர்கள். ஃப்ளாஷ்பாயின்ட் திட்டத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைச் சேமித்திருக்கிறார்கள். வெறுமனே நகலெடுத்து முடிகிற வேலை அல்ல அது. பல விளையாட்டுகள் தாம் இருக்கும் தளத்தின் முகவரியைச் சரிபார்த்த பிறகே ஓடும். அதனால் பயனரின் கணினிக்குள்ளேயே அந்தப் பழைய இணையம் இருப்பதுபோல் அமைத்துக் காட்டுகிறார்கள். ரஃபிள் என்ற மென்பொருளோ புதிதாக எழுதப்பட்ட ஃப்ளாஷ் இயக்கியே. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 2020 நவம்பரிலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 2008இல் அடோபி ஃப்ளாஷ் கோப்பு வடிவ விவரக்குறிப்பின் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடுகளை நீக்கியது இத்தகைய முயற்சிகளுக்கு வழிவிட்டது. ஒரு நுட்பத்தை ஓய்வு பெறச் செய்யும் எந்த நிறுவனமும் இதையாவது செய்தாக வேண்டும்.

ஆனால் ஃபார்ம்வில் என்ற இணைய வேளாண் விளையாட்டு போன்றவற்றுக்கு இது போதாது. அவற்றின் உயிர் நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. சேவையகத்தை நிறுத்தினார்கள், வயலும் போயிற்று.

இனி பாடங்களுக்கு வருகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இயற்பியல் பாடங்கள் ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்தவை. 2015இல் குரோம் உலாவி ஜாவா செருகியை ஏற்பதை நிறுத்தியது. ஃபெட் குழுவினர் பாடங்களை ஒவ்வொன்றாக ஹெச்டிஎம்எல்5இல் திரும்ப எழுதினார்கள். அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன. அவர்களிடம் நிதி இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். தனியொரு ஆசிரியர் இரவில் உட்கார்ந்து செய்த பாடத்தைத் திரும்ப எழுத யார் வருவார்?

உங்கள் துறையின் பழைய குறுந்தகடுகளில், எஸ்டபிள்யூஎஃப் என்று பெயர் முடியும் ஃப்ளாஷ் கோப்புகள் இருக்கலாம். ஓடவில்லை என்று அழித்துவிடாதீர்கள். நகலெடுங்கள், யார் எந்த ஆண்டு செய்தது என்று எழுதி வையுங்கள், ரஃபிளில் ஒருமுறை திறந்து பாருங்கள்.