கர்ப்பிணிகளும் வைத்திய ஆராய்ச்சியும்



கர்ப்பிணிகளை வைத்து வைத்திய ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்டால், "ஐயோ பாவம், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளையா சோதனைக்கு உட்படுத்துவது?" என்று இரக்கப்படுகிறவர்கள் அநேகர். அந்த இரக்கத்தை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். சோதித்துப் பாராத மருந்தை அதே கர்ப்பிணிக்குக் கொடுக்கும்போது அந்த இரக்கம் எங்கே போய்விடுகிறது? சோதியாமல் கொடுப்பதும் ஒரு சோதனைதான். கணக்கு எழுதி வைக்காத சோதனை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1938-ல் இங்கிலாந்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு மருந்து செய்யப்பட்டது. அது கர்ப்பம் கலையாமல் காக்கும் என்று அமெரிக்காவில் பெரிய வைத்தியர்களே சொன்னார்கள். ஆதாரம் என்ன? "எங்கள் அனுபவம்" என்பதே. அந்த அனுபவத்தின் யோக்கியதையைச் சற்று யோசியுங்கள். ஒருமுறை கர்ப்பம் கலைந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் தானாகவே நிலைத்து விடுகிறது. இடையில் மருந்து கொடுத்திருந்தால் மருந்துக்குப் பேர். மந்திரித்திருந்தால் மந்திரத்துக்குப் பேர். அரசமரத்தைச் சுற்றியிருந்தால் அரசமரத்துக்குப் பேர்!

1953-ல் சிக்காகோ வைத்தியர்கள் 840 கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தையும், 806 பேருக்கு மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மருந்தினால் கர்ப்பம் கலைவது குறையவில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் மருந்து நின்றதா? இல்லை. மேலும் 18 வருஷம் ஓடிற்று. 1971-ல் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள், இளம் பெண்கள் 8 பேருக்குப் பிறப்புறுப்பில் அபூர்வமான புற்றுநோய் கண்டதைத் துருவிப் பார்த்தார்கள். அவர்களில் 7 பேருடைய தாய்மார் கர்ப்பகாலத்தில் அம்மருந்தைச் சாப்பிட்டவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட 32 தாய்மாரில் ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. தாய் விழுங்கியதற்கு மகள் தண்டனை அனுபவித்தாள். அந்த வருஷந்தான் அமெரிக்க சர்க்கார், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது.

பூசாரி சொன்னதற்கு ஆதாரம் கேட்கும் நாம், பட்டம் பெற்றவர் சொன்னால் மட்டும் கைகட்டி நிற்க வேண்டுமா?

சரியாகச் சோதித்தால் விளையும் நன்மைக்கும் சாட்சி உண்டு. நியூசிலாந்தில் ஆக்லண்டு நகரத்து மாதர் ஆஸ்பத்திரியில் லிக்கின்ஸ் என்பவர், குறைமாத ஆட்டுக்குட்டிகளின் நுரையீரல் ஒரு சுரப்புநீர் மருந்தினால் சீக்கிரம் பக்குவமடைவதைக் கண்டார். உடனே ஊருக்கெல்லாம் ஊசி போடக் கிளம்பிவிடவில்லை. ஹோவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய 282 தாய்மாரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கே மருந்து கொடுத்து ஒப்பிட்டார். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடம் மூச்சுத்திணறல் வெகுவாகக் குறைந்திருந்தது. இது 1972-ல் வெளிவந்தது. ஆனால் அமெரிக்காவில் தேசிய சுகாதார நிலையத்தார் கூட்டிய நிபுணர் சபை இதைப் பரவலாகக் கையாளச் சொன்னது 1994-ல்! இடையில் மூச்சுவிட முடியாமல் செத்த சிசுக்களுக்கு யார் பதில் சொல்லுவது? "விதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆஸ்பத்திரியில், 1966 முதல் கிரீன் என்ற வைத்தியர், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்திய கோளாறு கண்ட பெண்கள் பலருக்குப் பூரண சிகிச்சை செய்யாமல் கவனித்துக்கொண்டே இருந்தார். அது புற்றுநோயாக மாறாது என்பது அவருடைய கொள்கை. தாங்கள் ஆராய்ச்சியில் இருப்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பலருக்குப் புற்றுநோய் முற்றிற்று, சிலர் மாண்டார்கள். 1987-ல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் பத்திரிகையில் இதை அம்பலப்படுத்தினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-ல் அறிக்கை தந்தார். அதன் பயனாக நோயாளிகளின் உரிமை அந்நாட்டில் சட்டமாயிற்று.

ஒரே கட்டடம், இரண்டு ஆராய்ச்சி. ஒன்று உண்மையைத் தேடிற்று. மற்றொன்று தன் கொள்கையே உண்மையென்று பிடிவாதம் பிடித்தது; பெண்ணை வாயுள்ள மனுஷியாகவே மதிக்கவில்லை.

ஆகவே தாய்மார்களே! நாம் வேண்டுவது மூன்றே. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் எந்த மருந்தும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட வேண்டும். சோதனை சொன்ன முடிவுக்கு, எவ்வளவு பெரிய வைத்தியரும் கட்டுப்பட வேண்டும். சோதனைக்கு வருகிற பெண்ணிடம் எல்லாவற்றையும் விளங்கச் சொல்லி, அவள் சம்மதத்தைப் பெற வேண்டும். புருஷனுடைய சம்மதமோ மாமியாருடைய சம்மதமோ அதற்கு ஈடாகாது.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "இது எதற்கு? யாரிடம் சோதித்தார்கள்? என்ன கண்டார்கள்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வைத்தியர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். கோபிக்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.